முள் சொல்லும் செய்தி



வட்டுக்கோட்டைச் சந்தியில் சிறிது நேரம் நிற்பவர் எவரும் டீசல் எஞ்சினின் முழக்கத்தைக் கேளாதிருக்க முடியாது. காரைநகர் செல்லும் பேருந்து, வெங்காயம் ஏற்றிய லொறி, வயலுக்குச் செல்லும் உழவு இயந்திரம் ஆகிய யாவற்றுக்கும் உயிர்நிலை அதுவே. 1897 இல் ருடோல்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் செம்மையாக இயக்கிக் காட்டிய இவ்வகை எஞ்சின், 1950 களில் கனடாவிலிருந்து வந்த புகையிரத எஞ்சின்களின் வடிவில் இலங்கையின் இருப்புப் பாதைகளிலும் ஓடியது. 1956 இல் யாழ்தேவி புறப்பட்ட காலம் அதுவே.

இத்துணை வலிமை படைத்த எஞ்சினுக்குத் தன் நோயைச் சொல்ல வாயில்லை. சாரதியின் முன்னுள்ள பலகையில் அசையும் சில முட்களே அதன் வாய். அவை சொல்வதை எவ்வாறு அறிவது, அறிந்தபின் யாது செய்வது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

அமுக்கத்தை அளக்கும் மானியின் உள்ளமைப்பு மிக எளியது. வளைந்த தட்டையான குழாய் ஒன்றே அதன் உயிர். திருவிழாவிலே சிறுவர் ஊதும் சுருள் ஊதுகுழல், காற்றுப் புகுந்ததும் நிமிர்கின்றதல்லவா? அதுபோலவே இக்குழாயும் அமுக்கம் ஏற ஏற நிமிர முயல்கின்றது. அந்நிமிர்வு முள்ளைத் திருப்புகின்றது. பிரெஞ்சு நாட்டவரான பூர்டோன் என்பார் 1849 இல் இதற்கு உரிமை பெற்றார். இக்காலத்து வாகனங்களில் மின்சாரம் இவ்வேலையைச் செய்யினும், முள் சொல்லும் பொருள் மாறவில்லை.

முதலாவது, எண்ணெய் அமுக்கமானி. இது எஞ்சினில் எவ்வளவு எண்ணெய் உள்ளது என்பதைக் காட்டுவதன்று. எண்ணெய் எவ்வளவு அமுக்கத்தோடு தள்ளப்படுகின்றது என்பதையே காட்டுவது. சுழலும் தண்டுக்கும் அதனைத் தாங்கும் பெயரிங்குக்கும் இடையே மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் உண்டு. அது நீங்கினால் இரும்போடு இரும்பு உராயும். சூடேறிய எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 40 முதல் 60 இறாத்தல் வரை அமுக்கம் இருக்கும். சும்மா நின்று ஓடும்போது குறையும். காலையில் குளிர்ந்த எண்ணெய் தடித்திருப்பதால் கூடும். ஆகவே இன்றைய அளவை நேற்றைய அளவோடு ஒப்பிடுவோர், ஒரே சூட்டிலும் ஒரே வேகத்திலும் வைத்தே ஒப்பிடல் வேண்டும். வளைவில் திரும்பும்போது முள் துடித்தால் எண்ணெய் குறைந்துவிட்டது என்க. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கினால் பெயரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது எண்ணெயில் டீசல் கலந்திருக்கலாம். திடீரென விழுந்தாலோ, ஆராய்ச்சிக்கு நேரமில்லை. பாதையோரம் ஒதுங்கி, அக்கணமே எஞ்சினை நிறுத்துக. பழுது எஞ்சினிலா மானியிலா என்பதை, நிறுத்திய பின்னர் அளவுகோலை உருவிப் பார்த்து அறியலாம்.

இரண்டாவது, வெப்பமானி. 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை பெரும்பாலான எஞ்சின்களுக்கு உகந்த சூடு. இங்கே நம் மண்ணுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. கேத்தலின் உட்புறத்தில் வெண்படிவு கட்டுவதை இல்லத்தரசிகள் நன்கு அறிவர். அதே படிவு றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் எஞ்சினின் நீர்வழிகளிலும் படிந்து, சூடு வெளியேறும் வழியை மறிக்கின்றது. வழுக்கியாறு கடலேரியைச் சேரும் அராலிப் பக்கம் போன்ற கரையோரங்களில் உவர்நீரும் உண்டு. அது உலோகத்தையே அரிக்கும். ஆதலின் மாரி மழைநீரைத் தூய்மையாகச் சேமித்தோ, வடித்த நீரை வாங்கியோ, தயாரித்தவர் சொல்லும் குளிர்த்தும் திரவத்துடன் கலந்து ஊற்றுவதே அறிவுடைமை.

முள் சிவப்பை நோக்கி ஏறினால் யாது செய்வது? எண்ணெய் அமுக்கம் விழுந்தால் உடனே நிறுத்துக என்றேன். இங்கோ பெரும்பாலும் அவ்வாறன்று. பாரத்தைக் குறைத்து, வாகனத்தை ஒதுக்கி, எஞ்சினைச் சிறிது நேரம் பாரமின்றி மெதுவாக ஓடவிடுக. நீர் சுற்றிச் சுற்றி வந்து சூட்டைக் கொண்டுபோகும். ஆனால் நீர் ஒழுகிவிட்டாலோ, நீரிறைப்பியைச் சுழற்றும் பட்டி அறுந்தாலோ, சுற்றுவதற்கு நீரோ அதைச் சுற்றுவிக்கும் ஆற்றலோ இல்லை. அப்போது உடனே நிறுத்தவே வேண்டும். மூடியைச் சூட்டோடு திறத்தல் ஆகாது. அமுக்கத்தால் கொதியாது அடங்கியிருந்த நீர், மூடி திறந்ததும் ஆவியாய்ச் சீறி முகத்தையும் கையையும் வேகச்செய்யும். கொதிக்கும் எஞ்சினிற் குளிர்நீரை ஊற்றினால் இரும்பு வெடிப்பதும் உண்டு. இன்னுமொன்று: நீர் முற்றும் வற்றிவிட்டால் மானியின் உணர்முனை நீரிற் தோயாது வெறுவெளியில் நிற்கும், முள் தாழ்ந்தே காட்டும். ஏறிய முள் காரணமின்றித் திடீரென இறங்கினால் மகிழற்க, ஐயுறுக.

மூன்றாவது, காற்றுப் பிறேக் உள்ள பெரிய வாகனங்களின் காற்றமுக்கமானி. இது எஞ்சினுக்காக அன்று, உயிர்களுக்காக உள்ளது. ஏறத்தாழ 100 இறாத்தல் ஏறும்வரை புறப்படாதிருத்தல் நன்று. 60 இறாத்தல் அளவில் எச்சரிக்கை ஒலி எழும்பினால், பிறேக் பிடிக்கும் வலு எஞ்சியிருக்கும்போதே நிறுத்திவிடல் வேண்டும்.

இவை கடினமான கலைகளல்ல. ஆனால் சந்தைக்கு நேரமாகின்றது, சரக்கு வாடுகின்றது, முதலாளி காத்திருக்கின்றார் என்னும் எண்ணங்கள் சாரதியின் கண்ணை முள்ளிலிருந்து திருப்பிவிடுகின்றன. ஆதலின் என் சொல் சாரதிகளுக்கு மட்டுமன்று. வாகன உரிமையாளர்க்கும் உரியது. முள்ளைக் கண்டு வழியில் நிறுத்திய சாரதியை ஒருநாளும் கடிந்துகொள்ளாதீர்கள். அவர் தாமதித்தது ஒரு மணி நேரம். காத்தது ஓர் எஞ்சினை. கடிந்துகொண்டால் அடுத்த முறை அவர் நிறுத்தமாட்டார்.

1823 இல் வட்டுக்கோட்டையில் எழுந்த செமினறியிலே கணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. அளந்து அறிதல் என்னும் பழக்கம் இவ்வூருக்குப் புதியதன்று. வானத்துக் கோள்களைக் கணித்த ஊர், கண்முன் நடுங்கும் ஒரு சிறு முள்ளைக் காணாது விடலாமோ?