கரையிலேயே ஒட்டக்கூடிய பலகை

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிக் கிழக்கே போனால் எக்கியார்குப்பம் போன்ற மீனவக் குப்பங்கள் வரும். இந்தக் கரைக்கு வடக்கே கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்கு வேரூன்றிவிட்டது. 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேசப் போட்டியே நடந்தது. இந்த விளையாட்டின் புதிய கிளை வேக்சர்ஃப். விசைப்படகு கிளப்பிவிடும் அலையில், பிடித்திருந்த கயிற்றை விட்டுவிட்டுச் சறுக்குவது அது. மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி ஏரி 2021இல் பறவைகள் சரணாலயமாகிவிட்டது. அந்த நீரில் படகை ஓட்டி அலை கிளப்பலாம் என்ற எண்ணமே யாருக்கும் வரக் கூடாது. இங்கே நமக்கு வாய்த்தது கடல் அலைதான். ஆனால் இரண்டு விளையாட்டுக்கும் பலகை செய்யும் பொருள்கள் ஒன்றே. புதிய பலகைகள் எடை குறைவு என்ற ஒரே பெருமையோடு விற்பனைக்கு வருகின்றன. நம் கரைக்கு ஏற்ற பலகையை எடையை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, உடைந்தால் இந்தக் கரையிலேயே ஒட்ட முடியுமா என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் வாதம்.

இதற்குச் சான்று குப்பங்களிலேயே இருக்கிறது. மென்மரக் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்ததுதான் கட்டுமரம். அலை மேலேறினாலும் தண்ணீர் கட்டைகளின் இடுக்கு வழியே வடிந்துவிடும். முன்முனையான அணியம் மேல்நோக்கி வளைந்திருப்பதால் உடையும் அலையை ஏறிக் கடக்கும். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைக் காயவைப்பார்கள். ஒரு கட்டை கெட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். பிறகு ஃபைபர் படகு வந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வங்காள விரிகுடாத் திட்டம் 1980களில் கரையேற்றும் ஃபைபர் படகுகளைச் சோதித்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவும் ஏராளமான ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. மீனவர்கள் கட்டுமரத்தை விட்டது தவறில்லை. இயந்திரம் பொருத்தலாம், தொலைவுக்குப் போகலாம், தினமும் கட்டை சுமக்க வேண்டாம். ஆனால் ஒரு குணத்தை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. படகில் விரிசல் விட்டால் அந்த இடத்தைத் தேய்த்து, கண்ணாடி இழைப் பாயை வைத்து, ரெசினில் கேட்டலிஸ்ட் கலந்து தடவி, மணலிலேயே சரிசெய்துவிடுகிறார்கள். கைக்கு எட்டிய இடத்தில் பழுது பார்க்க முடிந்ததும் ஃபைபர் இங்கே நிலைத்ததற்கு ஒரு காரணம்.

இப்போது பலகைக்கு வருவோம். உள்ளே நுரை, வெளியே ரெசினில் ஊறிய கண்ணாடி இழை. விலை கூடினால் கார்பன் இழை. நுரையில் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்று, பாலியூரித்தேன். மற்றது தெர்மோகோல் இனத்தைச் சேர்ந்த இபிஎஸ். புதிய இலகு பலகைகளில் பெரும்பாலும் இருப்பது இபிஎஸ்தான். அது பொரி உருண்டைபோல மணிமணியாக ஒட்டிய பொருள். மேல்தோல் கீறினால் உப்புநீர் மணிகளின் இடுக்கில் புகுந்து தங்கிவிடும். வெயிலில் போட்டால் உள்ளே காற்று விரிந்து தோல் உப்பிப் பிரியும். உப்பு விளைய வைக்கிற வெயில் இது என்பதை மறக்கக் கூடாது. இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. படகு ஒட்டுகிறவரிடம் பொதுவாக இருப்பது பாலியெஸ்டர் ரெசின். அதில் கலந்திருக்கும் ஸ்டைரீன் இபிஎஸ் நுரையைக் கரைத்துவிடும். விரிசலை அடைக்கத் தடவிய ரெசினே உள்ளே குழி தோண்டும். பாலியூரித்தேன் நுரைக்கு இந்த ஆபத்து கிடையாது. குப்பத்து ரெசின், குப்பத்துக் கை, இரண்டுமே அதற்குப் போதும்.

பாலியூரித்தேன் கனக்குமே என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு பலகையில் இபிஎஸ் நுரை சுமார் முக்கால் கிலோ, பாலியூரித்தேன் சுமார் ஒன்றரைக் கிலோ. வித்தியாசம் ஒரு கிலோவுக்கும் குறைவு. போட்டிக்குப் போகிற வீரருக்கு அது பெரிதாக இருக்கலாம், கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு இல்லை. எபாக்சி ரெசின் இபிஎஸ்ஸைக் கரைக்காதே, அதை வாங்கிவந்தால் ஆகாதா என்றும் கேட்கலாம். ஆகும். ஆனால் விலை அதிகம், கலவை விகிதம் பிசகினால் இறுகாது, இங்கே ஊறிய கைப்பழக்கமும் அதற்கு இல்லை. வலுவான ஆட்சேபம் மூன்றாவதுதான். பாலியூரித்தேன் நுரை செய்யும் வேதிப்பொருள் நஞ்சு. பலகைகளுக்கு இந்த நுரையைச் செய்துவந்த அமெரிக்காவின் கிளார்க் ஃபோம் ஆலை 2005 டிசம்பரில் திடீரென மூடப்பட்டபோது சூழல் விதிகளின் நெருக்கடியும் காரணமாகச் சொல்லப்பட்டது. ஸ்டைரீன் ஆவியும் நுரையீரலுக்குக் கெடுதல். இதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த ஆவியைப் படகு ஒட்டுகிறவர்கள் இப்போதே சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வடிகட்டி பொருத்திய முகமூடியும் காற்றோட்டமான கொட்டகையும் பலகை வந்தாலும் வராவிட்டாலும் அவர்களுக்குத் தரப்பட வேண்டியவை.

நுரையே வேண்டாம் என்றால் மரத்துக்கும் வழி உண்டு. ஹவாய்த் தீவினர் விலிவிலி மரத்தில் பலகை செய்தார்கள். அது நம் வேலியில் நிற்கும் கல்யாண முருங்கையின் இனம். முழு மரம் கனக்கும் என்பதால் 1920களின் இறுதியில் அமெரிக்க அலைச்சறுக்கு வீரர் டாம் பிளேக் உள்ளீடற்ற பலகைக்கு மாறினார். அந்த வழியில் நம் தச்சர்களும் முயலலாம்.

அலைச்சறுக்குப் பள்ளி நடத்துகிறவர்களுக்கும் பிள்ளைகளுக்குப் பலகை வாங்கித் தருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விலை பேசுவதற்கு முன் உள்ளே என்ன நுரை என்று கேளுங்கள். முதல் பலகையை வாங்கும் முன் குப்பத்தில் படகு ஒட்டுகிறவரிடம் காட்டி, இதை உங்களால் சரிசெய்ய முடியுமா என்று விசாரியுங்கள். அவர் முடியாது என்றால் அதை வாங்காதீர்கள்.