வண்டி ஒரு பக்கம் இழுத்தால்

(தோட்ட வாகனச் சாரதிகளுக்கும் முச்சக்கர வண்டி ஓட்டும் இளைஞர்களுக்குமாகச் சங்கம் நடத்திய கூட்டத்தில், கராஜ் தொழில் செய்யும் நமது அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளம், காணி, வீடு என்று பேசுவதற்கு இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தந்த தலைப்பு சின்னது: ஓடும் வண்டி ஏன் ஒரு பக்கமாக இழுக்கிறது? கொழும்புப் பக்கத்து அகலப் பாதையில் இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். கினிகத்தேனை இறக்கத்திலும் இறம்பொடை முடக்குகளிலும் அப்படி இல்லை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். இரண்டடி விலகினால் போதும். அந்த வண்டியில் காலையில் கொழுந்து மலைக்குப் போகிறவர்கள் நம் அம்மாமாரும் அக்காமாரும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல வண்டியும் கொஞ்சம் இழுக்கும். மழைத் தண்ணீர் வடிவதற்காகப் பாதையின் நடுவை உயர்த்தி, ஓரங்களைத் தாழ்த்தித்தான் போடுகிறார்கள். நாம் இடப்பக்கம் ஓடுகிறவர்கள். ஆகவே கையைத் தளர்த்தினால் வண்டி மெதுவாக இடப்பக்கம் சரியும். அது வண்டியின் குற்றமில்லை. வலப்பக்கம் இழுத்தாலோ, இடப்பக்கம் சட்டென்று போனாலோ, ஸ்டியரிங்கை எப்போதும் இறுக்கிப் பிடித்தே ஓட்டவேண்டி இருந்தாலோதான் சந்தேகப்பட வேண்டும். சோதித்துப் பார்க்கச் சமமான நேர்ப்பாதை தேவை. மலைநாட்டில் அதைத் தேடுவதே பெரும்பாடு! தோட்டத்து விளையாட்டு மைதானம் கிடைத்தால் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பெரிய ரோட்டில் வேகமாகப் போய்க் கையை விட்டுப் பார்க்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

கராஜுக்கு வருகிறவர்கள் எல்லோரும் “பாஸ், வண்டி இழுக்குது” என்று சொல்லிவிட்டு நிற்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எப்போது இழுக்கிறது? சும்மா ஓடும்போதா, பிரேக் மிதிக்கும்போதா, பாரம் ஏற்றிய பிறகா? பாதி வைத்தியம் அந்தப் பதிலில் இருக்கிறது.

சும்மா ஓடும்போது இழுத்தால் டயரில் தொடங்குங்கள். காற்றுக் குறைந்த டயர் சப்பையாகி உருள்வதற்குச் சிரமப்படும். வண்டி அந்தப் பக்கம் திரும்பப் பார்க்கும். காலால் உதைத்துப் பார்த்துக் காற்றைக் கணிக்க முடியாது. மானி வைத்து, டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது காலையில் வண்டி எடுக்குமுன் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் தேய்ந்த டயர் என்று முன்னால் போட்டாலும் இழுக்கும். காசு மிச்சம் பிடிக்க ஒன்றை மட்டும் மாற்றும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. முன்சக்கரத்தில் அந்த மிச்சம் ஆகாது. டயரின் வயதையும் அதன் பக்கத்திலேயே படிக்கலாம். கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். சந்தேகம் தீராவிட்டால் முன்டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். இழுவையும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறாவிட்டால் டயரைக் குறை சொல்லாதீர்கள்.

பிறகுதான் அலைன்மென்ட். பள்ளத்தில் விழுந்து எழும்பும் வண்டியில் சக்கரத்தின் சாய்மானம் மாறும். புஷ், போல் ஜொயின்ட் தேயும். தேய்ந்ததை மாற்றாமல் அலைன்மென்ட் மட்டும் பார்ப்பது வீண் செலவு; இரண்டு கிழமையில் பழைய கதைதான். லொறிக்காரர்கள் வில்லுப் பட்டையையும் பாருங்கள். பட்டையை அச்சோடு பிடித்திருக்கும் யூ போல்ட் தளர்ந்தாலோ, நடு ஆணி முறிந்தாலோ அச்சு ஒரு பக்கம் பின்வாங்கிவிடும். அப்போது வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும். பின்னால் வருகிறவனுக்கு அது தெரியும், ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. முன் அச்சிலிருந்து பின் அச்சுவரை இரண்டு பக்கமும் கயிறு பிடித்து அளந்தால் வித்தியாசம் பிடிபடும். கயிற்றுக்குச் செலவில்லை.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் வேறு கதை. எந்தப் பக்கம் பிரேக் கூடப் பிடிக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். ஆகவே இடப்பக்கம் இழுத்தால், பழுது வலப்பக்கச் சக்கரத்திலும் இருக்கலாம்: அங்கே ஒயில் கசிந்து பிரேக் சூவில் படிந்து பிடிக்காமல் போயிருக்கும். மாறாக, மிதியை விட்ட பிறகும் ஒரு சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் சும்மா ஓடும்போதும் இழுக்கும், எண்ணெயும் கூடக் குடிக்கும். வண்டியை நிறுத்தி, புறங்கையைச் சக்கரத்துக்குக் கிட்டக் கொண்டுபோங்கள், தொடவேண்டாம், சுட்டுவிடும். நீண்ட இறக்கம் இறங்கி வந்தால் எல்லாச் சக்கரமும்தான் சுடும். இடம் வலம் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அதுதான் குற்றவாளி. கருகிய வாசம் வந்தால் ஒப்பிடவே தேவையில்லை, அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

இனி டிராக்டர். இதற்காகத்தான் நான் இந்தக் கூட்டத்துக்கு வர ஒத்துக்கொண்டேன்.

நான்கு சக்கர டிராக்டரில் பிரேக் மிதி இரண்டு. ஒன்று இடது பின்சக்கரத்துக்கு, மற்றது வலது பின்சக்கரத்துக்கு. வயலில் குறுகிய இடத்தில் திரும்புவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். வலது மிதியை மட்டும் மிதித்தால் வலது சக்கரம் நிற்க, வண்டி வலப்பக்கம் சுழலும். ரோட்டில் ஓடும்போது இரண்டு மிதியையும் சேர்த்துப் பூட்டுவதற்கு ஒரு கொக்கி உண்டு. அந்தக் கொக்கி போடாமல் இறக்கத்தில் அவசரமாக ஒரு மிதியில் கால் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கொக்கி தொலைந்துபோய், அந்த இடத்தில் கம்பி கட்டி ஓடும் டிராக்டர்களும் இருக்கின்றன. கொக்கி போட்டிருந்தாலும் இரண்டு பிரேக்கும் ஒரே அளவாகப் பிடிக்கும்படி சரிசெய்யாவிட்டால் இழுக்கத்தான் செய்யும்.

இதோடு பின்னால் பிரேக் இல்லாத ட்ரெய்லர். அதில் கொழுந்துச் சாக்கு, சாக்குக்கு மேல் ஆட்கள். இறக்கத்தில் ட்ரெய்லர் டிராக்டரை முதுகில் தள்ளும். டிராக்டர் ஒரு பக்கம் இழுக்கும் வண்டி என்றால், அந்தத் தள்ளு அதை இன்னும் திருப்பி, கத்தி மடிவது போல மடித்துவிடும். இறக்கம் தொடங்குமுன்னே சின்ன கியரில் போடுவதைத் தவிர ஓட்டுகிறவன் கையில் அப்போது வேறொன்றும் இல்லை. ஆட்களை ட்ரெய்லரில் ஏற்றாதீர்கள் என்று சங்கம் கேட்பது அடம்பிடிப்பதற்காக அல்ல.

மரக்கறித் தோட்டங்களில் லேண்ட்மாஸ்டர் ஓட்டும் தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை. சமதரையில் இடது கைப்பிடிக் கிளச்சை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்தில் அது வலப்பக்கம் திரும்பும்! கிளச் விடுபட்ட சக்கரம் தடையில்லாமல் ஓட, மற்றதை இஞ்சின் பிடித்து நிறுத்துவதால் வருவது அது. இறக்கத்தில் கிளச்சைத் தொடாமல், கைப்பிடியைத் தள்ளியே திருப்புங்கள்.

முச்சக்கர வண்டிக்கு முன்னால் ஒரே சக்கரம். கார் போல முன்சக்கரங்களுக்கு அலைன்மென்ட் பார்க்கும் கதை அங்கே இல்லை. பின்டயர் இரண்டிலும் காற்றுச் சமமா, பின் பிரேக் ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறதா, குழியில் அடித்து முன்சக்கரத்தைத் தாங்கும் கை வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒரு பக்கமாக நெருக்கி ஏற்றினாலும் சாயும்.

கடைசியாக, எழுதிவைப்பது பற்றி. விபத்து நடந்த உடனே முதல் கேள்வி, சாரதி குடித்திருந்தானா? அடுத்தது, வேகமா? வண்டி ஒரு மாதமாக இழுத்தது என்பதை யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அது எங்கும் எழுதப்படவில்லை. வாயால் சொன்னதை ஒப்பீசில் யாரும் கேட்டதாக ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். ரன்னிங் சார்ட்டில் எழுதுங்கள். “வண்டி சரியில்லை” என்று எழுதினால் போதாது. “பிரேக் மிதித்தால் வலப்பக்கம் இழுக்கிறது, பாரம் ஏற்றினால் கூடுகிறது, ஓட்டுவது ஆபத்து” என்று திகதியோடு எழுதி, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துத் தோட்டத் தலைவருக்கு அனுப்புங்கள். வேலை நேரத்தில் வேலையின் காரணமாகக் காயப்பட்டவருக்கு 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. அப்படிப்பட்ட நேரத்தில் பழியைச் சாரதியின் தலையில் போட்டுவிட்டு நழுவப் பார்ப்பவர்களுக்கு அந்த ஒரு பக்கம் பதில் சொல்லும்.

வண்டியில் ஏறும் பெண்களும் சாட்சிதான். டிரைவர் தம்பி வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பெரட்டில் நிற்கும்போதே அதைச் சொல்லுங்கள். பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் அன்றைக்கு அந்த வண்டி மலைக்குப் போகாது.

வெளியே ஒரு டிராக்டர் நிற்கிறது. தேநீர் குடித்துவிட்டு எல்லோரும் அங்கே வாருங்கள், மிதிக் கொக்கி எது, அதை எப்படிப் போடுவது என்று கையால் தொட்டுக் காட்டுகிறேன்.