கடதாசியிலும் மட்டையிலும் ஒரு முதலாம் ஆண்டு

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்துருவம்)



கட்டடக்கலை பயிலச் சென்ற மாணவன் முதலாம் ஆண்டில் என்னதான் செய்கிறான் என்பதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் இப்பொருளைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆறு மாதம் கழிந்தும் ஒரு வீட்டின் பிளானைத்தானும் கீறத் தெரியாமல், கோடு இழுத்துக்கொண்டும் மட்டை வெட்டிக்கொண்டும் இருக்கிறானே என்று மனங் குழம்பும் பெற்றோர் நம்மிடையே உளர். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்து, அதன்மேல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் உளச்சார்புப் பரீட்சையையும் தாண்டி உட்புகுந்த பிள்ளை பாலர் வகுப்புக் கைவேலை செய்கிறான் என்றால், எந்தத் தகப்பனுக்குத்தான் கவலை வராது? கவலை நியாயமானதே. ஆயினும், "இதை விட்டுவிட்டு வேறு ஏதேனும் படி" என்று பிள்ளைக்குச் சொல்லுமுன், அந்த வேலையின் உள்ளே நடப்பது யாது என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுவது நல்லது. முதலாம் ஆண்டு மாணவருடைய வேலைகளை நெடுநாள் அருகிருந்து பார்த்து வந்தவன் என்ற உரிமையோடு சிலவற்றைச் சொல்லுகிறேன்.

முதலில் வரைதலை எடுத்துக்கொள்வோம். வரைதல் என்றதும் ஓவியம் என்று பலர் எண்ணுகிறார்கள். முதலாம் ஆண்டு மாணவனுக்குக் கொடுக்கப்படும் வேலைகளுள் மிகப் பயனுள்ளது, என் எண்ணத்தில், உள்ள ஒரு சிறு கட்டடத்தை அளந்து வரைவதுதான். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அதற்கு ஏற்ற பொருள் ஒன்றைச் சொல்லச் சொன்னால், சங்கடப்படலையைச் சொல்லுவேன். பெரியோர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இளைஞருட் சிலர் கண்டிருக்கமாட்டார்கள்: வீட்டு வாயிற் படலைக்கு மேலே சிறு கூரை வேய்ந்து, வழியிற் செல்வோர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இடம் விட்டுக் கட்டிய வாயில் அது. சிறியது; ஒரு முற்பகலில் அளந்துவிடலாம். ஆனால் தூண், வளை, கைமரம், முகடு, இருக்கை என்று ஒரு கட்டடத்துக்கு வேண்டிய அத்தனையும் அதில் உண்டு.

அளப்பதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். நான்கு பக்கங்களையும் அளந்து வந்த மாணவன், மேசையில் உட்கார்ந்து அந்த நான்கு அளவையும் கொண்டு படத்தை வரையத் தொடங்கும்போதுதான் அகப்படுகிறான். நான்கு சட்டங்களை மூலையில் ஆணியடித்துச் சேர்த்தால் அது சாய்ந்து கொடுக்கும் அல்லவா? அதுபோல நான்கு பக்க அளவு மாத்திரம் ஓர் உருவத்தை நிலைநிறுத்தாது. மூலைக்கு மூலை குறுக்காக ஓர் அளவு எடுத்தால் அது இரண்டு முக்கோணமாகிவிடும், முக்கோணம் சாயாது. இந்த உண்மையை அவன் பாடசாலைக் கேத்திரகணிதத்தில் படித்தவன்தான். வெயிலில் இன்னொரு முறை படலையடிக்கு நடக்கும்போதே அது அவனுக்குச் சொந்தமாகிறது. அதைப்போல, அளவுநாடாவைத் துண்டு துண்டாக எடுத்துவைத்து அளந்தால் ஒவ்வொரு முறையும் கால் அங்குலம் தவறினாற்கூடப் பன்னிரண்டாம் முறையில் 3 அங்குலம் போய்விடும். நாடாவின் தலைப்பை ஒரே மூலையில் பிடித்துக்கொண்டு, வழியிலுள்ள தூண், நிலை, மூலை யாவற்றையும் தொடர்ந்து வாசித்துக்கொண்டு போனால் பிழை சேர்வதில்லை. நம்முடைய மேசன்மாரும் ஓடாவிமாரும் இதைப் பள்ளிக்கூடம் போகாமலே அறிந்தவர்கள்.

பின்பு அதை 20இல் ஒரு பங்காகச் சுருக்கி வரைகிறான். 8 அடி அகலமான வாயில் கடதாசியில் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர். 6 அங்குலத் தூண் ஏழரை மில்லிமீற்றர். மேலிருந்து பார்த்தாற்போல ஒரு படம், முன்னிருந்து பார்த்தாற்போல ஒரு படம், இவை இரண்டும் ஒருவாறு வந்துவிடும். மூன்றாவது படத்திலேதான் மாணவனின் பென்சில் நிற்கும். அதற்கு வெட்டுமுகம் என்று பெயர். கட்டடத்தை ஒரு வாளால் மேலிருந்து கீழாக அறுத்து ஒரு பாதியை அப்புறப்படுத்திவிட்டு மற்றப் பாதியைப் பார்த்தால் என்ன தெரியுமோ, அது. அறுபட்ட பாகங்களைத் தடித்த கோட்டாலும், அப்பால் தெரிபவற்றை மெல்லிய கோட்டாலும் வரைவது முறை. இப்போது கேள்வி பிறக்கிறது: கைமரம் வளையின்மேல் எங்ஙனம் அமர்கிறது? வெட்டிப் பதித்திருக்கிறதா, வெறுமனே தங்கியிருக்கிறதா? முகட்டில் இரண்டு கைமரமும் எப்படிச் சந்திக்கின்றன? நூறு முறை அந்தப் படலையைத் திறந்து மூடியவனாயினும் இதை அவன் பார்த்ததில்லை. தான் பார்த்ததில்லை என்பதையே பென்சில் நின்ற பிறகுதான் அறிகிறான். மறுபடியும் நடை, இந்த முறை ஏணியோடு. முதலாம் ஆண்டில் வரைதலின் முழுப் பயனும் இந்த இரண்டாம் நடையில்தான் இருக்கிறது என்பேன்.

இனி மாதிரி செய்தல். மட்டை வெட்டும் இந்த வேலை யேர்மனியில் 1919இல் வோல்ற்றர் குறோப்பியஸ் நிறுவிய பௌஹவுஸ் என்ற கலைக்கூடத்தின் முதனிலை வகுப்பினால் உலகெங்கும் பெயர் பெற்றது. அக்கூடம் 1933இல் மூடப்பட்டுவிட்டது. அதன் வழக்கமோ இன்றும் பல நாடுகளில் நடைபெறுகிறது. அங்கே யோசெப் அல்பேர்ஸ் என்ற ஆசிரியர் புதிய மாணவர்களிடம் பழைய பத்திரிகைத் தாள்களைக் கொடுத்து, இந்தத் தாளின் இயல்பை மதித்து, முடியுமானால் பசையும் கத்தியும் இல்லாமல், இதிலிருந்து ஏதேனும் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவாராம். சில மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் ஒருவன் கப்பல் செய்திருப்பான், ஒருவன் கோட்டை, ஒருவன் முகமூடி. அவற்றையெல்லாம் அவர் ஒதுக்கிவிட்டு, தாளை நெடுக்காக மடித்து நிறுத்தியதோடு நின்றுவிட்ட ஒருவனுடைய வேலையைப் பாராட்டினார் என்று அவரிடம் படித்தவர் ஒருவர் எழுதியிருக்கிறார். கப்பலைத் தகரத்திலும் செய்யலாம். படுத்துக் கிடக்கும் தாள் மடிப்பினால் எழுந்து நிற்கிறது என்பதோ தாளைப் பற்றிய உண்மை.

இளைஞர்களே, இதை இன்றிரவே வீட்டில் செய்து பாருங்கள். இரண்டு புத்தகங்களின் நடுவே ஒரு கடதாசியைப் பாலம்போல வையுங்கள். அது தன் பாரத்துக்கே தொய்ந்துவிடும். அதே கடதாசியை விசிறிபோல ஒரு விரற்கிடை உயரத்துக்கு மடித்து வையுங்கள். ஒரு கண்ணாடிக் குவளையைத் தாங்கும். கடதாசி கூடவில்லை, பசை சேரவில்லை. உயரம் ஒன்றுதான் வந்தது. ஒரு பலகையின் தடிப்பை இரட்டித்தால் அதன் விறைப்பு இருமடங்கன்று, எண்மடங்கு ஆகிறது. பொறியியல் மாணவன் இதைச் சூத்திரமாகப் பெறுகிறான். கட்டடக்கலை மாணவன் முதலில் விரலால் பெறுகிறான். எது மேல் என்று நான் வழக்காட வரவில்லை. இரண்டும் வேண்டும்.

மற்றொரு பயிற்சி அமெரிக்காவிலிருந்து வந்தது. 1950களில் தெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜோன் ஹெய்டக் என்பவரும் அவருடைய தோழர்களும் அமைத்து, பின்னர் நியூயோர்க்கிலுள்ள கூப்பர் யூனியனில் அவர் தொடர்ந்து நடத்தியது. ஒரு பெரிய சதுரத்தை ஒன்பது சிறு சதுரமாக வகுத்து, கோடுகள் சந்திக்கும் 16 இடங்களிலும் தூண் நாட்டி, உத்திரம் இட்டுக் கொடுத்துவிடுவார்கள். மாணவன் சுவர் மட்டைகளை இங்கும் அங்கும் மாற்றி வைத்து இடங்களை உண்டாக்க வேண்டும். எளிய விளையாட்டுப்போலத் தோன்றும். ஆனால் ஒன்பது சதுரமும் ஒன்றல்ல என்பது சிறிது நேரத்தில் விளங்கும்: மூலையில் நான்கு, ஓரத்தில் நான்கு, நடுவில் ஒன்றே ஒன்று. அந்த நடுச் சதுரத்தை என்ன செய்வது? மூடினால் வெளிச்சம் இல்லை. அறையாக்கினால் சுற்றியுள்ள அறைகளுக்கு வழியில்லை. ஒருவன் சலித்துப்போய் அதன் கூரையைக் கழற்றி எறிகிறான். உடனே மற்ற எட்டும் அதைப் பார்த்துத் திரும்பிக்கொள்கின்றன.

பெரியோர்கள் சிரிக்கிறீர்கள். ஆம், அது நம்முடைய நாற்சார் வீடு. நடுமுற்றமும் சுற்றிலும் தாவாரமும் நமது பாட்டனார் காலத்தவர்க்குப் பாடமன்று, பழக்கம். மயமதம் என்னும் சிற்பநூலிலே நிலத்தை வகுக்கும் முறைகளைச் சொல்லுமிடத்து ஒன்பது பதமாக வகுப்பதற்குப் பீடம் என்று பெயர் காண்கிறோம். தெக்சாஸ்காரர் அதைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்று மேடையில் முழங்குவது பொருந்தாது; நமக்கு அந்தப் பெருமை தேவையுமில்லை. நான் சொல்லவந்தது வேறு. நாற்சார் வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகூட, முற்றம் ஏன் அங்கே இருக்கிறது என்பதை அந்த 16 குச்சிகளுக்கு நடுவில் தன் கையால் ஒரு கூரையைக் கழற்றும்போதுதான் அறிகிறான்.

மாதிரி என்பது பிறருக்குக் காட்டும் அழகுப் பொருள் என்ற எண்ணம் இங்கே பரவியிருக்கிறது. அதனால்தான் கடைசி வாரத்தில் பணம் கொடுத்து வெளியில் மாதிரி செய்விக்கும் வழக்கமும் தலைகாட்டியிருக்கிறது. காசுள்ள பிள்ளையின் மாதிரி பளபளக்கிறது. இல்லாத பிள்ளை சவர அலகால் பழைய பெட்டி மட்டையை வெட்டி விடியும்வரை ஒட்டுகிறான். பெற்றோர்களே, அந்தச் செலவைச் செய்யாதீர்கள். பார்சலோனா நகரத்துச் சிற்பி அன்ரோனி கௌடி, கொலோனியா குவெல் என்னுமிடத்துக் கோயிலுக்காக நூல்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, அவற்றில் ஈயக் குண்டுப் பைகளைக் கட்டி, ஏறக்குறையப் பத்தாண்டு அந்த மாதிரியோடு கழித்தார். தொங்கும் நூல் எந்த வளைவில் நிற்கிறதோ, அதைக் கவிழ்த்தால் கல் வளைவு அந்த வடிவில் நிற்கும். அந்த மாதிரியை யாருக்கும் காட்டி மகிழ அவர் கட்டவில்லை. கணக்குப் போடக் கட்டினார். காட்டுவதற்காக மாதிரி செய்தவர் பட்ட பாட்டுக்கும் உதாரணம் உண்டு. இலண்டனில் கிறிஸ்தோபர் றென் சென் போல்ஸ் பேராலயத்துக்காக 1673-74இல் 6 மீற்றருக்கு மேல் நீளமான மர மாதிரி ஒன்று செய்வித்தார். எல்லார்க்கும் விளங்கியது, ஆகவே எல்லாரும் குறை சொன்னார்கள், குருமார் ஏற்கவில்லை. இனி மாதிரி செய்து பொதுவிற் காட்டுவதில்லை என்று அவர் தீர்மானித்துக்கொண்டார் என்பர். அந்த மாதிரி இன்றும் அப்பேராலயத்தில் இருக்கிறது.

கணினி வந்துவிட்டதே, இன்னும் ஏன் பென்சில் என்று இளைஞர் கேட்பது என் செவியில் விழுகிறது. கணினியை நான் வெறுப்பவனல்லன். இன்று அது இல்லாமல் எந்தக் கட்டட அலுவலகமும் நடவாது. ஆனால் கைமரம் வளையில் அமரும் இடம் தெரியாதபோது பென்சில் நிற்கும் என்று சொன்னேன் அல்லவா? கணினி நிற்பதில்லை. தெரியாத இடத்தையும் நேர்த்தியாக நிரப்பி, நிழலும் மரமும் சேர்த்து, முடிந்துபோன படமாகத் தந்துவிடும். தெரிந்தவனுக்கு அது வேலையாள். தெரியாதவனுக்கு அது திரை. ஓராண்டு தாமதித்து அதனிடம் போவதால் எவனும் கெட்டுப்போவதில்லை.

இதில் மாணவனுடைய படிப்பு மாத்திரம் தங்கியிருக்கவில்லை. போரில் இடிந்தும், ஆளின்றிப் பாழடைந்தும், காணி பிரிபட்டும், வீதி அகலித்தும் நமது நாற்சார் வீடுகளும் சங்கடப்படலைகளும் அருகி வருகின்றன. 1960களின் தொடக்கத்தில் உல்றிக் பிளெஸ்னர், பார்பரா சன்சோனி, இஸ்மத் ரஹீம், லக்கி சேனநாயக்க ஆகியோர் இத்தீவின் பழைய கட்டடங்களைத் தேடிச் சென்று அளந்து வரைந்தார்கள். அவ்வேலையின் வழியாக 1998இல் ஒரு நூலே வெளிவந்தது. அவர்கள் அன்று செய்தது முதலாம் ஆண்டு மாணவன் செய்யும் அதே வேலைதான். நாடா, பென்சில், கடதாசி. ஜெப்ரி பாவா கொழும்பில் 1960க்கும் 1962க்கும் இடையில் ஏனா டி சில்வாவுக்கு முற்றம் வைத்துக் கட்டிக் கொடுத்த வீட்டின் கதையும் கேட்கத் தக்கது. அக்காணி 2009இல் விற்கப்பட்டபோது, வீட்டை அளந்து வரைந்து, கழற்றிய பாகங்களுக்கு இலக்கமிட்டு, பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் மீண்டும் எழுப்பினார்கள். வரையாத வீட்டை அப்படி எழுப்ப முடியாது.

விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஒழுங்கையில் ஒரு சங்கடப்படலையோ, தலைவாசலோ, கிணற்றடியோ எஞ்சியிருந்தால் இரண்டு பேராகச் சென்று அளந்து வரையுங்கள். வீட்டுக்காரரிடம் முன்கூட்டிக் கேளுங்கள், குறுக்களவை மறவாதீர்கள், தாளின் மூலையில் திகதியும் அளவுகோலும் வட திசையும் குறியுங்கள். அந்தத் தாள்களை வாங்கிப் பத்திரமாக வைக்கச் சங்க நூல்நிலையத்தில் ஓர் அலுமாரித் தட்டுக் கிடைக்குமா என்று தலைவர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுவைக்கிறேன்.

அந்தப் பக்கத்து மேசையில் ஒன்பது சதுர மாதிரிகள் மூன்றும், மடித்த கடதாசி வேலைகள் சிலவும் வைத்திருக்கிறேன். வந்து தொட்டுப் பார்க்கலாம். தூக்குவதாயின் அடிப்பலகையைப் பிடித்துத் தூக்குங்கள், பசை இன்னும் சரியாகக் காயவில்லை.