பிள்ளைக் காம்பரா



மலையகத் தேயிலைத் தோட்டங்களிலே, தாய் கொழுந்து பறிக்கச் செல்லும்பொழுது அவளுடைய குழந்தையை ஏற்றுக் காப்பது பிள்ளைக் காம்பரா. முன்னாளில் அது ஏணைகள் தொங்கும் ஓர் அறை. காவலுக்கு ஓர் ஆயா. 1992ஆம் ஆண்டில் அரசாங்கத் தோட்டங்களின் நிருவாகம் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னர், பல காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாயின. பயிற்சி பெற்ற பெண்களும் அமர்த்தப்பட்டனர்.

மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய்க்கு வேலைநாளில் இருமுறை பாலூட்டும் இடைவேளை உண்டு. காம்பரா இருப்பின் ஒவ்வொன்றும் அரைமணி நேரம். ஆனால் கொழுந்து மலை தொலைவாயின், அந்த அரைமணியும் நடையிலேயே கழிந்துவிடும்.

காம்பராவின்மீது தாய்க்கு நம்பிக்கை குன்றினால் நேர்வது யாது? மூத்த மகள் பாடசாலைக்குச் செல்லாமல், தம்பிக்குக் காவலாக லயத்தில் நிற்கிறாள். ஒரு நாள் பல நாளாகிறது. ஈற்றில் அவள் படிப்பே நின்றுவிடுகிறது.

ஆகவே, காம்பராவைப் பார்க்கும் பெண்ணுக்குத் தக்க ஊதியமும், உதவிக்கு இன்னொருத்தியும், தூய நீரும் வேண்டும். மாலையில் பிள்ளையை வாங்க வரும் தாய், "இன்று என்ன உண்டான்?" என்று கேட்டால், நின்று விடை சொல்ல அவளுக்கு நேரமும் வேண்டும். அங்கே பிறக்கும் நம்பிக்கையே மூத்த மகளைப் பாடசாலைக்கு அனுப்பும்.