சர்க்கார் கைவிட்டாலும் சங்கம் கைவிடலாகாது

(சங்க ஊழியர் வகுப்பில் ஆற்றிய உரை)



2025 ஜனவரி 21ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் ஒரு கையெழுத்துப் போட்டார். 1965இல் ஜனாதிபதி ஜான்சன் பிறப்பித்த உத்தரவு அத்தோடு ரத்தாயிற்று. சர்க்கார் காண்டிராக்ட் எடுக்கும் கம்பெனிகள், நிறம் பார்த்து ஆளை ஒதுக்காததோடு, எல்லோருக்கும் வேலைக் கதவு திறக்கத் தாங்களே முன்வந்து நடவடிக்கை எடுக்கவேண்டும் என்பது அந்த உத்தரவு. பாரபட்சத்தைத் தடுக்கும் 1964ஆம் வருஷச் சட்டம் இன்னும் இருக்கிறது. முன்வந்து சரிசெய்யும் கடமைதான் போய்விட்டது. காற்று மாறியதைக் கண்டு பல பெரிய கம்பெனிகளும் அதற்கென்று வைத்திருந்த இலாகாக்களைச் சுருக்கிக்கொண்டன.

எங்கோ நடந்தது நமக்கென்ன என்று கேட்கலாம். மேலேயிருந்து வந்த ஆதரவு போனபின் வேலைத்தலத்தில் எல்லோரையும் அணைத்துச் செல்வது யார்? இந்தக் கேள்வி நமக்கும் உண்டு.

அந்த நாட்டுத் தொழிலாளிகளே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். சிகாகோ இறைச்சி ஆலைகளில் 1904இல் நடந்த வேலைநிறுத்தத்தை உடைக்க முதலாளிகள் கறுப்பர்களைக் கொண்டுவந்தார்கள். வெள்ளைத் தொழிலாளி அவர்களைக் கருங்காலி என்று ஏசினான். அவர்களைச் சங்கத்தில் சேர்க்க நாம் என்ன செய்தோம் என்று கேட்டவர்கள் சிலரே. 1919இல் இனக் கலவரம் மூண்டது. 1921-22 வேலைநிறுத்தமும் தோற்றது.

பட்ட பிறகே புத்தி வந்தது. 1930களின் பிற்பகுதியில் இரு நிறத்தாரும் ஒரே சங்கத்தில் திரண்டார்கள். ஒரு கம்பெனியில் கறுப்பர்களின் நேர அட்டையில் நட்சத்திரக் குறி போட்டு வைத்திருந்தார்கள். ஆட்குறைப்பு என்றால் குறியுள்ள அட்டைதான் முதலில் போகும். சங்கம் போராடி அந்தக் குறியை ஒழித்தது.

1941இல் கறுப்பர் தலைவர் ராண்டால்ப் வாஷிங்டனை நோக்கிப் படையெடுப்போம் என்றதும், யுத்தத் தொழில்களில் பாரபட்சம் கூடாதென்று ரூஸ்வெல்ட் உத்தரவிட்டார். புகார் விசாரிக்கக் கமிட்டியும் போட்டார். யுத்தம் முடிந்தது, பணம் நின்றது. 1946இல் கமிட்டி செத்தது. இறைச்சித் தொழிலாளர் சங்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை; 1950இல் பாரபட்ச எதிர்ப்புக்கென்றே தன்னிடம் ஒரு தனி இலாகா அமைத்தது.

நம் நாட்டில் இடஒதுக்கீட்டை யாரும் ரத்து செய்யவில்லை. ஆனால் சர்க்கார் ஆலை தனியாருக்குப் போனால், நிரந்தர வேலை காண்டிராக்டர் கைக்குப் போனால், அது சத்தமில்லாமல் கரைந்துவிடுகிறது.

ஆகவே தோழர்களே, நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். பஞ்சுத் தூசி பறக்கும் இடத்திற்கும் கக்கூஸ் கழுவுவதற்கும் எப்போதும் எந்த ஜாதி ஆளை அனுப்புகிறார்கள்? கணக்கெடுங்கள், கேளுங்கள். பெண்கள் அடுப்படியில் நிற்கும் நேரத்தில் கமிட்டிக் கூட்டம் போட்டுவிட்டு, பெண்கள் வருவதில்லை என்று குறை சொல்லாதீர்கள். பத்துப் பேர் வேலை செய்யும் இடமானால் பாலியல் தொல்லைப் புகாருக்குக் கமிட்டி வேண்டுமென்று 2013ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. அது சுவரிலே காகிதமாகத் தொங்குகிறதா, கூடுகிறதா என்று பாருங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவனைக் கூலி குறைக்க வந்தவன் என்று ஏசாதீர்கள்; சங்க நோட்டீசை அவன் பாஷையிலும் எழுதி, அவனையும் உறுப்பினராக்குங்கள். வயலிலும் இதே கதைதான். நடவுக்கு இறங்கும் பெண்ணின் கூலி ஆணின் கூலிக்குக் குறைவாக இருக்கும்வரை நம் கூலிப் போராட்டம் பாதிப் போராட்டமே.

சர்க்கார் கொடுத்ததைச் சர்க்கார் பறிக்கலாம். நமக்குள் நாம் கட்டிய ஐக்கியத்தை, நாமே விட்டாலொழிய, எந்தக் கையெழுத்தும் ரத்து செய்ய முடியாது.