முதுகில் ஒரு பேரப்பிள்ளை

(எமது வானொலியின் ஞாயிறு மாலை நிகழ்ச்சியில் ஒலித்த பேச்சின் எழுத்து வடிவம்)



என் குரலைக் கேட்டதும் உங்களில் சிலர், "இண்டைக்கும் வருமானவரிதானோ?" என்று நினைத்திருப்பீர்கள். ஜூன் 30 இல் நிதியாண்டு முடிந்ததும் எந்தப் பற்றுச்சீட்டை வைத்திருக்க வேண்டும், எதை எறியலாம் என்று வருடாவருடம் இந்த ஒலிவாங்கியின் முன் சொல்லி வருகிறவன் நான். இன்று அதற்கு விடுமுறை. இன்று நான் பேச வந்தது பிள்ளை தூக்குவது பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், கொஞ்சம் வளர்ந்த குழந்தையை முதுகில் சுமப்பது பற்றி.

"ஒரு கணக்காளருக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்காதீர்கள். கடந்த மூன்று மாதமாக வாரத்தில் இரண்டு நாள் இதுதான் என் உத்தியோகம்.

என் மகள் பிரசவ விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பினாள். பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் வாரத்தில் மூன்று நாளுக்குத்தான் இடம் கிடைத்தது. மற்ற இரண்டு நாளும் பேரன் எங்களிடம். அப்போது அவனுக்குப் பத்து மாதம். நிறை ஒன்பதரை கிலோ. தள்ளுவண்டியில் வைத்தால் எங்கள் வீதி முடிவதற்குள் வீரிட்டு அழுவான். தூக்கினால் பேசாமல் இருப்பான். என் மனைவிக்கு முழங்கால் வருத்தம். அவவால் கனநேரம் தூக்க முடியாது. நான் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இரண்டாவது வாரமே நாரி பிடித்துவிட்டது.

அப்போதுதான் மகள் ஒரு பையைக் கொண்டுவந்து தந்தாள். "அப்பா, இதில போட்டு முதுகில கொண்டு திரியுங்கோ. நாரியும் நோகாது, கையும் சும்மா இருக்கும்" என்றாள். கடைகளில் 'பேபி கேரியர்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். சுமப்பதை நாங்கள் ஊரில் 'காவுவது' என்போம் அல்லவா? அதனால் எங்கள் வீட்டில் இதற்குக் 'காவி' என்று பெயர் வைத்துவிட்டோம். "காவி எங்கே?" என்று நான் கேட்க, வீட்டுக்கு வந்தவர்கள் நான் சந்நியாசம் போகப் போகிறேன் என்று பயந்ததும் உண்டு.

முதல் நாள் நான் செய்த பிழையை மறைக்காமல் சொல்கிறேன். மற்றவர்களுடைய படிவங்களில் சின்ன எழுத்தையெல்லாம் வரிவரியாகப் படிக்கிற நான், இந்தக் காவியோடு வந்த செய்முறைத் தாளைப் பிரித்தும் பார்க்கவில்லை. குசினியில், ஓடு பதித்த தரையில் நின்றபடி பிள்ளையை முதுகுக்குத் தள்ளி, தோள்பட்டிகளை மாட்டிவிட்டு நடக்கத் தொடங்கினேன். இரண்டு தோள்பட்டிகளையும் நெஞ்சுக்கு முன்னால் இணைக்கிற குறுக்குப் பட்டியைப் பூட்டவில்லை. பேரன் அலுமாரியில் எதையோ கண்டு பின்பக்கமாக வளைந்தான். ஒரு பட்டி தோளிலிருந்து வழுக்கியது. "இஞ்சருங்கோ!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து பிடித்தவர் என் மனைவி. பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. எனக்குத்தான் அன்று முழுவதும் கை நடுங்கியது.

அடுத்த நாளே செய்முறைத் தாளைப் படித்தேன். பிறகு பத்து கிலோ அரிசிப் பையைக் காவிக்குள் வைத்துப் பழகினேன். சிரிக்காதீர்கள் நேயர்களே, அரிசி விழுந்தால் கூட்டி அள்ளலாம். அரிசியோடு பத்துத் தடவை சரியாக வந்த பிறகுதான் பேரனை ஏற்றினேன். அதுவும் கட்டிலுக்குப் பக்கத்தில், மனைவியைப் பின்னால் நிற்க வைத்துக்கொண்டு.

முறை இதுதான். முதலில் இடுப்புப் பட்டியை நன்றாக இறுக்கிப் பூட்ட வேண்டும். பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது இந்தப் பட்டிதான். பிள்ளையை முன்பக்கம் எங்களைப் பார்த்தபடி இடுப்பில் வைத்து, மெதுவாக அக்குளுக்குக் கீழால் முதுகுப் பக்கம் நகர்த்த வேண்டும். நாங்கள் சற்று முன்னால் சரிந்து நின்றால் பிள்ளை முதுகில் படிந்திருக்கும். பிறகு துணியை மேலே இழுத்து, ஒரு தோள்பட்டி, அடுத்த தோள்பட்டி, நெஞ்சுப் பட்டி என்று ஒழுங்காகப் பூட்டி, கடைசியில் எல்லாவற்றையும் இறுக்க வேண்டும். பூட்டி முடியும் வரை ஒரு கை பிள்ளையை விட்டு எடுபடக்கூடாது. இறக்கும்போது கட்டிலில் இருந்துகொண்டு இறக்குவது நல்லது. இடுப்புப் பட்டியைக் கடைசியாகத்தான் கழற்ற வேண்டும்.

எந்த வயதில் முதுகில் ஏற்றலாம்? பெரும்பாலான காவிகளுக்கு, பிள்ளை கழுத்தை நன்றாக நிறுத்தி, உதவியில்லாமல் உட்காரத் தொடங்கிய பிறகுதான். அதாவது ஆறு மாதம் அளவில். ஒவ்வொரு காவிக்கும் நிறை எல்லை உண்டு. அது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். பிள்ளையின் தொடை முழங்கால் மடிப்பு வரைக்கும் துணியில் தாங்கப்பட வேண்டும். முழங்கால்கள் பிட்டத்தை விடச் சற்று உயர்ந்து, பின்னால் நின்று பார்த்தால் ஆங்கில 'எம்' எழுத்துப் போல இருக்க வேண்டும். கால்கள் நேரே கீழே தொங்கினால் இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல.

பாதுகாப்புக்கு ஐந்து விதிகள் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் தொகுக்கப்பட்ட விதிகள் இவை. ஆங்கிலத்தில் 'டிக்ஸ்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அவுஸ்திரேலிய நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகளும் இவற்றையே பரிந்துரைக்கிறார்கள். ஒன்று, காவி உடம்போடு இறுக்கமாக இருக்க வேண்டும். இரண்டு, பிள்ளையின் முகம் எப்போதும் தெரிய வேண்டும். மூன்று, குனிந்தால் முத்தமிடக்கூடிய உயரத்தில் பிள்ளையின் தலை இருக்க வேண்டும். நான்கு, நாடி நெஞ்சில் முட்டக்கூடாது. ஐந்து, பிள்ளையின் முதுகு தாங்கப்பட வேண்டும்.

இவை முக்கியமாக முன்னால் சுமக்கிற சின்னக் குழந்தைகளுக்கான விதிகள். நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சுப் பாதை அடைபடும். 2010 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தூளி போன்ற துணிக் காவிகள் பற்றி எச்சரிக்கை விடுத்தபோது, நான்கு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கே ஆபத்துக் கூட என்று சொன்னது. முதுகில் இருக்கிற பெரிய பிள்ளைக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. ஆனால் இரண்டாவது விதியைப் பாருங்கள்: முகம் தெரிய வேண்டும். முதுகில் இருக்கிறவனின் முகம் எப்படித் தெரியும்? நான் வாசல் கண்ணாடியில் பார்ப்பேன். வெளியே போனால் கைத்தொலைபேசியின் முன்பக்கக் கமராவைத் தோளுக்கு மேலால் பிடித்துப் பார்ப்பேன். அவன் அதைக் கண்டு சிரிப்பான். நித்திரையானால் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. அடுப்புக்குப் பக்கம் போகக்கூடாது. சுடுதேநீர் குடிக்கக்கூடாது. சைக்கிள் ஓடக்கூடாது. கீழே விழுந்ததை எடுக்க முழங்காலை மடித்து இருந்து எழும்ப வேண்டும். இடுப்பை வளைத்துக் குனியக்கூடாது. கடைக்குள் போனால் தட்டிலிருந்து தள்ளி நில்லுங்கள். ஒருநாள் காசு கொடுக்கிற இடத்தில்தான் தெரிந்தது, பேரன் கையில் ஒரு மிளகாய்த்தூள் பைக்கற். கணக்காளர் வீட்டுப் பிள்ளை, காசு கொடுக்காமல் எடுத்திருக்கிறான்!

இன்னொன்று வெயில். மெல்பேர்ணில் 40 பாகை அடிக்கிற நாட்களில் காவியே வேண்டாம். மற்ற நாட்களிலும் எங்கள் உடம்புச் சூடும் பிள்ளையோடு சேரும் என்பதால் தடித்த உடுப்புப் போடக்கூடாது. தொப்பி கட்டாயம். முதலில் பத்துப் பதினைந்து நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். நாரி வருத்தம், தலைச்சுற்று, முழங்கால் நோ உள்ள தாத்தா பாட்டிமார் தங்கள் வைத்தியரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். விக்டோரியாவில் இருப்பவர்கள் தாய் சேய் நலத் தாதியிடமும் கேட்கலாம். பழைய காவி வாங்கினால் தையலையும் பூட்டுகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள்.

இது வெள்ளைக்காரர் கண்டுபிடித்த புதுமை என்று நினைக்காதீர்கள். கொரியாவில் பொதேகி, ஜப்பானில் ஒன்புஹிமோ, கிழக்கு ஆபிரிக்காவில் காங்கா என்று அவரவர் துணியில் தாய்மார் எத்தனையோ தலைமுறையாகப் பிள்ளைகளை முதுகில் கட்டி வந்திருக்கிறார்கள். 1960களில் சமாதானப் படைத் தொண்டராக மேற்கு ஆபிரிக்காவின் டோகோவுக்குப் போன ஆன் மூர் என்ற அமெரிக்கப் பெண், அங்கே தாய்மாரைப் பார்த்துவிட்டு வந்து, தன் தாயாரின் உதவியோடு தைத்த பைதான் 'ஸ்னக்லி'. அதற்கு 1969 இல் காப்புரிமை கிடைத்தது. இன்றைய காவிகள் பலவற்றுக்கு அது முன்னோடி.

எங்கள் ஆட்களுக்கு முதுகு பழக்கமில்லை. எங்களுக்கு ஏணையும் இடுப்பும்தான். உப்பு மூட்டை விளையாட்டு மட்டும் விதிவிலக்கு. மலையகத் தோட்டங்களில் எங்கள் பெண்களின் முதுகு கொழுந்துக் கூடைக்குப் போய்விட்டது. பிள்ளை பிள்ளைக்காம்பராவில் கிடந்தது.

ஆனால் நான் ஒரு பிள்ளையை முதுகில் சுமந்தது இது முதல் தடவை அல்ல.

1995 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு அந்தத் திகதியை நான் விளக்கத் தேவையில்லை. மாலையில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நல்லூர்ப் பக்கமிருந்து நாங்கள் மூன்று பேரும் புறப்பட்டோம். மகளுக்கு அப்போது பத்து மாதம். சைக்கிளில் ஒரு பெட்டி, ஒரு உரப்பை. உருட்டுவதற்கு எனக்கு இரண்டு கையும் வேண்டும். மனைவி காய்ச்சலில் இருந்து எழும்பி மூன்று நாள். வீதியில் எங்களோடு வந்த ஒரு வயதான அம்மா, "தம்பி, கையில வைச்சால் கை சோர்ந்து போகும், முதுகில கட்டு" என்று சொல்லி, என் மனைவியின் நூல் சேலையொன்றை எடுத்து, பிள்ளையை என் முதுகோடு வைத்து, தோளுக்கு மேலாலும் இடுப்பைச் சுற்றியும் கொண்டுவந்து நெஞ்சில் முடிந்துவிட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

மழை. செம்மணி வழியாக நாவற்குழிப் பாலம் வரை சாதாரண நாளில் சைக்கிளில் அரை மணித்தியாலமும் எடுக்காது. அன்றிரவு அடி அடியாகத்தான் நகர முடிந்தது. மனைவி பின்னால் குடையைப் பிடித்தபடி வந்தா. சில நிமிடத்துக்கு ஒருமுறை, "பிள்ளை நித்திரை, மூச்சு விடுறாள்" என்று சொல்லுவா. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டுதான் நான் நடந்தேன்.

பாலத்துக்குக் கிட்ட வந்தபோது அந்தக் குரல் நின்றுவிட்டது. கூட்டம் எங்களைப் பிரித்துவிட்டது. திரும்பிப் பார்க்க இடமில்லை. நின்று அவிழ்க்க இடமில்லை. பிள்ளை அசையவில்லை. முகம் எனக்குத் தெரியவில்லை. ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினேன். ஒரு சின்னப் பாதம் அகப்பட்டது. நனைந்திருந்தது, ஆனால் சூடு இருந்தது. பெருவிரலை மெல்லக் கிள்ளினேன். கால் உதறியது. பாலம் கடந்து மனைவியைக் காணும் வரை அந்தக் காலை நான் விடவில்லை.

இதை நான் மகளுக்குச் சொன்னதே இல்லை. இடம்பெயர்ந்த கதை அவளுக்குத் தெரியும். இந்தப் பகுதி தெரியாது. போன மாதம் அவள் வேலையால் வந்து, பேரனை முதுகில் வைத்துக்கொண்டு நான் உடுப்புக் காயப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்பா, ஏன் நீங்கள் ஒவ்வொரு நிமிசமும் அவன்ரை காலைப் பிடிச்சுப் பாக்கிறியள்?" என்று கேட்டாள். அப்படி ஒரு பழக்கம் எனக்கு இருப்பது அவள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அன்றிரவு அவளை இருத்தி வைத்துச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. போகும்போது, "அம்மா, அந்தச் சேலை என்ன நிறம்?" என்று மட்டும் கேட்டாள். பச்சை என்று மனைவி சொன்னா. எனக்கு நீலம் என்றுதான் ஞாபகம்.

நேயர்களே, ஊரில் இருந்து பேரப்பிள்ளை பார்க்க வந்திருக்கும் அம்மம்மாமாருக்கும் அப்பப்பாமாருக்கும் ஒன்று சொல்கிறேன். இந்தப் பையைக் கண்டு வெட்கப்படாதீர்கள். ஆனால் அரிசிப் பையோடு பழகுங்கள், நெஞ்சுப் பட்டியை மறக்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். முகம் தெரியாத நேரத்தில் காலைப் பிடித்துப் பாருங்கள். இந்தக் கடைசி விதி எந்தச் செய்முறைத் தாளிலும் இல்லை. என் சொந்த விதி.

அடுத்த மாதம் வழமைபோல் வரிக் கணக்கோடு சந்திப்போம். அதுவரை உங்களிடமிருந்து விடைபெறுகிறேன்.