கற்பனை நாவலுக்குத் தினமும் பத்து நிமிடம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆனைக்குட்டம் பகுதியிலிருந்து வந்திருக்கிறேன். 5 முதல் 7ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சிறுகதை போதாதா, நாவல் எதற்கு, அதிலும் மாயாஜால நாவல் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என் வகுப்பறையில் கண்டதைச் சொல்கிறேன்.

வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற நூல்கள் பிள்ளைகளைத் தாமே வாசிக்கப் பழக்குகின்றன. அவை ஒரே அமர்வில் முடிந்துவிடும். நாவலுக்கோ நேற்று விட்ட இடம் இன்று நினைவிருக்க வேண்டும். கதாபாத்திரம் ஏன் அப்படிச் செய்தது என்று இரவெல்லாம் மனத்தில் ஓட வேண்டும். அதனால் மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம் நானே உரக்க வாசிக்கிறேன். பரபரப்பான இடத்தில் நிறுத்திவிடுவேன். மறுநாள் கதையை நினைவூட்டுவது பிள்ளைகளின் வேலை. தடுமாறி வாசிக்கும் பிள்ளையும் இதில் முந்திக்கொண்டு பேசுகிறது.

மாயக்கதை மூடநம்பிக்கையை வளர்க்காதா என்பது அடுத்த கேள்வி. 1972இல் முத்து காமிக்ஸ் நம் சிவகாசியிலிருந்துதான் புறப்பட்டது. மின்சாரம் பாய்ந்ததும் உருவம் மறையும் இரும்புக்கை மாயாவியை நம் தலைமுறை கதை என்று தெரிந்தேதான் ரசித்தது. மூடநம்பிக்கை நம்பச் சொல்கிறது. கற்பனைக் கதை விளையாடக் கூப்பிடுகிறது. பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

கோவில்பட்டி எழுத்தாளர் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைக் களமாகக் கொண்ட நாவல். 2023இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. அதை வாசித்த நாள்களில், “காலத்தில் பின்னோக்கிப் போக முடிந்தால் எந்த நாளுக்குப் போவீர்கள்?” என்று எழுதச் சொன்னேன். ராஜராஜ சோழன் காலம் என்றார்கள். அணை கட்டிய காலம் என்றார்கள். ஒரு மாணவி மட்டும், “எங்கம்மா வேலைக்குப் போன அன்னைக்குக் காலையில. வேன்ல ஏறவிடாமப் புடிச்சுக்குவேன்” என்று எழுதியிருந்தாள். பட்டாசு வேலையில் தீக்காயம் பட்ட அம்மா அப்போது மருத்துவமனையில் இருந்தார். பல நாள்களாக வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அவள். எதையும் நேராகக் கேட்டிருந்தால் பதில் வந்திருக்காது. கதை அவளுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது.

அந்தத் தாளை நான் வகுப்பில் வாசிக்கவில்லை. அவளிடம் தனியாகப் பேசினேன். தலைமையாசிரியரிடம் சொல்லி, பாட்டியை வரவழைத்து வீட்டு நிலைமையைத் தெரிந்துகொண்டோம். மறுநாள் கதை நேரத்தில், “அடுத்து என்னாச்சு டீச்சர்?” என்று முதலில் கேட்டவள் அவள்தான்.

நம் பகுதியில் பல வீடுகளில் இந்தப் பயம் உண்டு. ஆகவே ஒரு நெறியைக் கடைப்பிடிக்கிறேன். கதாபாத்திரத்தைப் பற்றித்தான் கேள்வி கேட்பேன். “உன் வீட்டில் எப்படி?” என்று கேட்க மாட்டேன். பிள்ளை தானாகச் சொன்னால் காதுகொடுத்துக் கேட்பேன்.

உங்களிடம் ஒரே வேண்டுகோள். நூலகப் பீரோவில் இருக்கும் நாவல் ஒன்றை எடுங்கள். முதலில் நீங்கள் முழுதாக வாசியுங்கள். பிறகு தினமும் பத்து நிமிடம் பிள்ளைகளுக்கு வாசியுங்கள். தேர்வு வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். முடிந்ததும் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிடுங்கள். அதை யார் எடுத்துப் புரட்டுகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.